பெண்கள் பக்கம்

1927 அக்டோபரில் பிரிட்டிஷ் இந்திய அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. இந்தியத் திரைப்படக் குழு என்று பெயர். தலைவர், சென்னை வழக்கறிஞர் திவான் பகதூர் டி.ரங்காச்சாரியார். யார் படம் பார்க்கிறார்கள், எந்தப் படத்தைப் பார்க்கிறார்கள், பார்த்தபின் என்ன ஆகிறார்கள் என்று விசாரிப்பதுதான் வேலை. ஊர் ஊராகப் போய் 353 பேரிடம் வாய்மொழிச் சாட்சியம் வாங்கினார்கள். அதிகாரிகள், பத்திரிகை ஆசிரியர்கள், கொட்டகை முதலாளிகள், கல்வியாளர்கள், ஊர்ப் பெரிய மனிதர்கள். சாட்சியங்கள் தொகுதி தொகுதியாக அச்சாகின. இந்திய சினிமா வரலாற்றை எழுத வருகிறவர்கள் இன்றும் அந்தத் தொகுதிகளைப் புரட்டாமல் தொடங்குவதில்லை.

குழு காந்திக்கும் கேள்வித்தாள் அனுப்பியது. தான் சினிமாவுக்குப் போனதே இல்லை, ஆனாலும் அது செய்திருக்கிற தீமை வெளியே நிற்கிற தனக்கே நன்றாகத் தெரிகிறது என்ற பொருளில் அவர் பதில் எழுதினார். அந்தப் பதிலும் ஆவணத்தில் இருக்கிறது. படமே பார்க்காத ஒருவரின் கருத்து வரலாறாகிவிட்டது. பார்த்தவளின் கருத்தைத்தான் காணோம். அந்த மேசை முன் வந்து உட்கார்ந்த பெண்கள் மிகச் சிலர். அவர்களும் பெரும்பாலும் படித்தவர்கள், சமூகப் பணியில் இருந்தவர்கள். ஆனால் பெண்ணைப் பற்றிய பேச்சுக்கு அங்கே பஞ்சமில்லை. வெள்ளைக்காரப் பெண்கள் முத்தமிடுவதைத் திரையில் பார்க்கும் இந்தியர்கள், ஆளும் இனத்தின் மீது வைத்திருக்கும் மரியாதையை இழந்துவிடுவார்கள் என்ற கவலையும் அந்தக் குழு உருவானதற்கு ஒரு காரணம். பெண் திரையில் எப்படித் தெரிகிறாள் என்று ஒரு சாம்ராஜ்யமே கவலைப்பட்டது. அவள் திரையைப் பார்த்து என்ன நினைக்கிறாள் என்று கேட்க அதற்குத் தோன்றவில்லை.

நான் தேடுவது அவளைத்தான். விமர்சகியை இல்லை. மாதத்துக்கு ஒன்றோ வருடத்துக்கு ஒன்றோ படம் பார்த்துவிட்டு வந்து, நல்ல சேலையை மாற்றிக்கொண்டே “பரவால்ல, பாக்கலாம்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனவளை. தமிழ்ச் சினிமா பற்றி எத்தனையோ நல்ல நூல்கள் வந்துவிட்டன. தியடோர் பாஸ்கரனின் எழுத்து இல்லாவிட்டால் என்னைப் போன்றவர்களுக்கு முதல் முப்பது வருடங்கள் இருட்டாகவே இருந்திருக்கும். ஆனால் அந்த “பாக்கலாம்” எங்கும் பதிவாகவில்லை. பதிவாகாத ஒன்றுக்கு வரலாறு எழுத முடியுமா என்றால், சுற்றிவளைத்துத்தான் எழுத முடியும்.

முதலில் அவள் உட்கார்ந்த இடம். சாமிக்கண்ணு வின்சென்ட் 1905 வாக்கில் திருச்சியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரை வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் போட்டதிலிருந்து, 1990களில் கடைசி டூரிங் டாக்கீஸ்கள் நெல் குடோன்களாகவும் கல்யாண மண்டபங்களாகவும் மாறியது வரை, தமிழகக் கிராமத்துப் பெண்ணுக்குச் சினிமா என்பது பெரும்பாலும் மணல் தரைதான். கீற்றுக் கொட்டகைக்குள் தரை டிக்கெட் பகுதியை இரண்டாகப் பிரித்து இடுப்பளவு உயரத்தில் ஒரு மண்சுவர் இருக்கும். சில ஊர்களில் வெறும் மூங்கில் தட்டி. அதில் சுண்ணாம்பால் “ஆண்கள்”, “பெண்கள்” என்று எழுதியிருக்கும். ஒற்றை புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. ஒரே படத்துக்கு மூன்று, நான்கு இடைவேளை.

அந்தச் சுவரைப் பற்றி ஆண்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். எட்டிப் பார்த்தது, காகித அம்பு விட்டது, பிடித்தவளின் சிரிப்பு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது. எல்லாம் அந்தப் பக்கத்து நினைவுகள். இந்தப் பக்கத்தில் என்ன நடந்தது என்றால், முதலில் இடம் பிடித்தல். பாயோ பழைய சேலையோ விரித்து, தூங்கப்போகும் பிள்ளையின் தலைக்கு மணலைக் குவித்து மேடாக்குதல். தூக்குச் சட்டியைத் திறந்து கொடுத்தல். யார் வீட்டு மருமகள் யாரோடு வந்திருக்கிறாள் என்று பார்த்தல். முன்னால் உட்கார்ந்தவள் தலை மறைத்தால் சண்டை. படம் ஓடும்போதே பேச்சு. “அவ சொல்றத நம்பாத”, “அந்தக் கெழவி எங்க மாமியா மாதிரியே இருக்கா பாரு”. கொட்டகையிலேயே விமர்சனம் முடிந்துவிடும். வீட்டுக்கு எடுத்துப் போக மிச்சம் கொஞ்சம்தான் இருக்கும்.

அங்கே வந்து உட்காருவதற்கு முன் அவள் கடந்தவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மாமியாரின் சம்மதம். கூட வர ஆள். உலை இறக்கியிருக்க வேண்டும். மாட்டுக்குத் தண்ணீர் காட்டியிருக்க வேண்டும். மாதவிலக்கு நாளாக இருக்கக் கூடாது. காசு கேட்க வேண்டும், கேட்கும் விதத்தில் கேட்க வேண்டும். இவ்வளவையும் தாண்டி வந்தவள் “படம் நல்லாருந்துச்சு” என்று சொல்லும்போது அந்த வாக்கியத்துக்குள் கதை, நடிப்பு, பாட்டு மட்டும் இல்லை. மூன்று மணி நேரம் யாரும் “ஏ” என்று கூப்பிடாமல் ஓரிடத்தில் உட்கார்ந்திருந்ததும் இருக்கிறது. எங்கள் ஊரில் எழுபது வயதுப் பாட்டி ஒருவரிடம், பார்த்ததில் எந்தப் படம் பிடிக்கும் என்று கேட்டேன். படத்தின் பெயர் நினைவில்லை. “மழ பேஞ்சு பாதியில நிறுத்திட்டான். ஆனா திரும்பிப் போறதுக்கு வழியில்லன்னு எல்லாரும் உள்ளயே உக்காந்து பேசிக்கிட்டிருந்தோம். அதான் நல்ல படம்” என்றார்.

(நகரத்துத் தியேட்டர்களில் பெண்களுக்குத் தனி டிக்கெட் கவுண்டர் இருந்தது. வரிசை சின்னது. அதனால் முன்பின் தெரியாத ஆண்கள் “அக்கா, எனக்கும் ரெண்டு எடுத்துக் குடுங்க” என்று காசை நீட்டுவார்கள். படம் பற்றிய கருத்துக்காக யாரும் அப்படி வரிசையில் வந்து நின்றதாகத் தெரியவில்லை.)

1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் ‘காளிதாஸ்’ வெளியானது. கதாநாயகி டி.பி.ராஜலட்சுமி தமிழில் பேசினார். கதாநாயகன் தெலுங்கில் பேசினார். கணவன் ஒரு மொழி, மனைவி வேறு மொழி. முதல் பேசும் படமே இல்லறத்தை இவ்வளவு நேர்மையாகக் காட்டிவிட்டது என்று வகுப்பில் சொன்னால் மாணவிகள் சிரிப்பார்கள். அதே ராஜலட்சுமி 1936இல் ‘மிஸ் கமலா’வைத் தானே எழுதி, இயக்கி, நடித்தார். தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர். படத்தின் பிரதி இன்று இல்லை. ஒரு பெண் எடுத்த முதல் படத்தைப் பார்த்த பெண்கள் என்ன சொன்னார்கள் என்பதும் அந்த நைட்ரேட் சுருள்களோடு போய்விட்டது.

ஆனால் அடுத்த வருடம் வேறு ஒரு சுவடு கிடைக்கிறது. 1937இல் கே.சுப்ரமணியம் எடுத்த ‘பாலயோகினி’ விதவைகளின் நிலையையும் சாதிக் கட்டுமானத்தையும் கேள்வி கேட்ட படம். அதில் நடித்த சிறுமி பேபி சரோஜா ஊரெங்கும் பேச்சானாள். அதன்பின் பிறந்த ஏராளமான பெண் குழந்தைகளுக்குச் சரோஜா என்று பெயர் வைக்கப்பட்டதாகச் சினிமா வரலாற்றாளர்கள் எல்லோரும் சொல்வார்கள். அவர்கள் இதைப் புகழுக்கு உதாரணமாகச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுவார்கள். நான் இதில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். பாட்டி பெயரும் குலதெய்வத்தின் பெயரும் வரிசையில் காத்திருக்க, ஒரு சினிமாக் குழந்தையின் பெயர் முன்னால் வருகிறது. பெயர் வைப்பதில் பெற்றவளுக்கு எவ்வளவு குரல் இருந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வந்த பெண்ணின் கருத்து பிறப்புப் பதிவேட்டில், பள்ளிச் சேர்க்கைப் புத்தகத்தில், பின்னாளில் ரேஷன் கார்டில் எழுதப்பட்டுக் கிடக்கிறது என்று நினைக்க எனக்குப் பிடித்திருக்கிறது. சரோஜா என்ற பெயருள்ள எண்பது வயதுப் பெண்கள் நம் எல்லோர் தெருவிலும் இருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு திரை விமர்சனம்.

1939இல் அதே சுப்ரமணியத்தின் ‘தியாகபூமி’. கல்கியின் கதை; படம் தயாராகும்போதே ஆனந்த விகடனில் படக் காட்சிகளோடு தொடராக வந்தது. கணவனால் விரட்டப்பட்ட சாவித்திரி, பணக்கார உமாராணியாகத் திரும்பி வருகிறாள். சேர்ந்து வாழ உத்தரவிட வேண்டும் என்று கணவன் நீதிமன்றத்துக்குப் போகிறான். அவள் மறுக்கிறாள், வேண்டுமானால் ஜீவனாம்சம் நான் அவனுக்குத் தருகிறேன் என்கிறாள். எஸ்.டி.சுப்புலட்சுமி நடித்த அந்தக் காட்சி ஓடியபோது இந்து மனைவிக்கு விவாகரத்துச் சட்டம் கிடையாது; நாடு முழுமைக்கும் அது வர இன்னும் 16 வருடம் இருந்தது. பிரிட்டிஷ் அரசு படத்தைத் தடைசெய்தது, அதன் காங்கிரஸ் சார்புக்காக. தடை பற்றிய ஆவணங்கள் உண்டு, தடைக்கு எதிரான கண்டனங்கள் உண்டு, தேசிய இயக்க வரலாற்றில் படத்துக்கு ஒரு பத்தி உண்டு. நீதிமன்றக் காட்சி முடிந்து விளக்கு எரிந்தபோது பெண்கள் பக்கத்தில் என்ன முகங்கள் இருந்தன? ‘தேசபக்திப் படம்’ என்ற தலைப்பின் கீழ் அது ஒருபோதும் கேட்கப்படாது.

ஐம்பதுகளுக்குப் பிறகு நிலைமை மாறுகிறது. பெண்ணின் கருத்துக்கு விலை உண்டு என்று வியாபாரம் கண்டுபிடித்தது. பெண்கள் கூட்டம் வந்தால் குடும்பம் வரும், குடும்பம் வந்தால் நூறு நாள். ஏ.பீம்சிங் வரிசையாகத் தந்த ‘பாகப்பிரிவினை’, ‘பாவமன்னிப்பு’, ‘பாசமலர்’ போன்ற படங்கள் இந்தக் கணக்கில் நின்றவை. “தாய்க்குலத்தின் பேராதரவுடன்” என்று சுவரொட்டியில் அச்சடித்தார்கள். அவளுக்கு ஒரு கருத்து உண்டு என்று முதன்முதலாக ஊரறிய ஒப்புக்கொள்ளப்பட்டது; அது என்ன கருத்து என்பதையும் சேர்த்து அவர்களே அச்சடித்துவிட்டார்கள். அந்தக் கருத்துக்கு ஒரே வடிவம்தான்: அழுகை. பெண்கள் சினிமாவில் அழுவதைக் கிண்டல் செய்யாத நகைச்சுவைத் துணுக்கு எழுத்தாளர் அந்தக் காலத்தில் இருந்திருக்க மாட்டார். வீட்டில் அழுதால் காரணம் சொல்ல வேண்டும். ‘பாசமலர்’ பார்த்து அழுதால் சொல்ல வேண்டாம். 1961இல் எத்தனை பேர் ராதாவுக்காக அழுதார்கள், எத்தனை பேர் தன் அண்ணன் பிரித்துக் கொடுக்காத பங்குக்காக அழுதார்கள் என்று யார் கண்டது?

எம்.ஜி.ஆர். விஷயத்தில் இது இன்னும் கனமானது. பெண்களுக்கு அவரை ஏன் பிடித்தது என்பதற்கு நான் கேட்ட பதில்களில் அடிக்கடி வருவது ஒன்று: “அவரு குடிக்க மாட்டாரு.” திரையில் அவர் பெரும்பாலும் குடித்ததில்லை, அம்மாவை எதிர்த்துப் பேசியதில்லை, பெண்ணை அடிக்க ஓங்கிய கையைப் பிடித்தார். ஆய்வாளர்கள் இதைப் பிம்பம் என்றார்கள், வழிபாடு என்றார்கள். எம்.எஸ்.எஸ்.பாண்டியனின் ‘பிம்பச் சிறை’ இந்தப் பிம்பம் ஏழைகளுக்கு எதிராக எப்படி வேலை செய்தது என்பதைக் கூர்மையாகச் சொன்ன நூல். நான் மதிக்கும் நூல். ஆனால் “அவரு குடிக்க மாட்டாரு” என்பதை வழிபாடாக மட்டும் படிப்பதில் எனக்குச் சங்கடம் இருக்கிறது. அது வீட்டில் இருப்பவனைப் பற்றிய தீர்ப்பு. நேராகச் சொன்னால் அடி விழும் என்பதால் திரையில் இருப்பவனைப் புகழ்ந்து சொன்ன தீர்ப்பு. ஒரு கோரிக்கையும்கூட. 1977இல் அந்தக் கோரிக்கை அவருக்கு வாக்காகவும் போனது. 1981இல் அவர் ஆட்சியில் மதுவிலக்குத் தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் பிறந்தது. பெண்களின் சினிமாக் கருத்தை வாங்கிக்கொண்டு, அதன் பொருளைத் தூக்கிப் போட்டதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் தமிழ்நாட்டில் இல்லை.

இனி, கொட்டகைக்குப் போகாமல் படம் பார்த்தவர்கள். நான் பிறந்து வளர்ந்தது தாமிரபரணிக் கரையில் ஒரு பீடிக் கிராமம். மடியில் சொளவு, அதில் நனைத்து வெட்டிய இலை, தூள், நூல். ஆயிரம் பீடி சுற்றினால்தான் அன்றைக்குக் கணக்கு நேராகும். கையும் கண்ணும் வேலையில் இருக்கும். காது சும்மா இருக்கும். தெருவில் பத்துப் பேர் ஒரு திண்ணையில் உட்கார்ந்து சுற்றும்போது, அவர்களில் ஒருத்தி படத்துக்குப் போய்வந்திருப்பாள். மற்றவர்களிடம் பாட்டுப் புத்தகம் இருக்கும். பாட்டுப் புத்தகத்தில் கதைச்சுருக்கம் ஒரு பக்கம் ஓடி, சரியாக முடிச்சு விழும் இடத்தில் “மீதியை வெள்ளித்திரையில் காண்க” என்று நின்றுவிடும். அந்த மீதியைச் சொல்வது போய்வந்தவளின் கடமை.

கதை சொல்வது லேசான காரியமில்லை. பாட்டுகள் எங்கே வரும், யார் என்ன சேலை கட்டியிருந்தாள், மாமியார் எப்படி முறைத்தாள் என்று எல்லாம் சொல்ல வேண்டும். மூன்று மணி நேரப் படம் இரண்டு நாள் ஓடும். கேட்பவர்கள் சும்மா கேட்க மாட்டார்கள். “அதெப்படி அவ வாய மூடிட்டு இருப்பா?” என்று ஒருத்தி மறிப்பாள். சொல்பவள் விளக்க வேண்டும். விளக்க முடியாத இடத்தில் மாற்ற வேண்டும். சண்டைக் காட்சிகள் ஒரே வரியில் முடியும்: “பெறவு அடிச்சான்.” கதாநாயகன் மலை உச்சியில் பாடியது அரை வரி. ஆனால் மருமகள் தாலியைக் கழற்றிவைக்கும் காட்சி அரைமணி நேரம். திரையில் ஆறு வினாடி வந்த வேலைக்காரிக்கு ஊர், பேர், இரண்டு பிள்ளைகள் எல்லாம் கிடைக்கும். இதற்குப் படத்தொகுப்பு என்று பெயர். பல்கலைக்கழகத்தில் இதைக் கற்பிக்கக் கட்டணம் வாங்குகிறார்கள்.

‘மௌன ராகம்’ 1986இல் வந்தது. எங்கள் பக்கத்துக் கொட்டகைக்கு மறு வருடம் வந்திருக்க வேண்டும். பார்த்துவிட்டு வந்தவர் அம்மாவுக்கு மதினி முறை, எனக்கு அத்தை. திண்ணையில் கதை நடந்தது. பிடிக்காத கல்யாணம், டில்லி, விவாகரத்து கேட்பது எல்லாம் சொல்லிக் கடைசிக்கு வந்தாள். ரயில் நிற்கிறது, திவ்யா ஏறி உட்கார்ந்துவிட்டாள், அவன் கீழே நிற்கிறான். அன்றைக்குத் திண்ணையில் ஒரு அக்கா இருந்தாள். மூன்றாவது முறையாகத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். கையிலிருந்த நூலை நிறுத்தி, “வண்டி நிக்கலியா அத்த?” என்று கேட்டாள்.

“நிக்கல. போயிட்டு.”

“அவன்?”

“அவன் அங்கனயே நிக்கான்.”

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சுற்ற ஆரம்பித்தார்கள். பல வருடம் கழித்துத் தொலைக்காட்சியில் படத்தைப் பார்த்தபோது ரயில் நின்றது, இருவரும் சேர்ந்தார்கள், எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். நான் மட்டும் ஏமாந்துபோய் உட்கார்ந்திருந்தேன். எந்த முடிவு நல்ல முடிவு என்று இன்றுவரை எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. அந்த அக்காவை அடுத்த மாதமே பெரியவர்கள் பேசிப் புருஷன் வீட்டுக்கு அனுப்பினார்கள். கதையால் எதுவும் தடுக்கப்படவில்லை. ஆனாலும் ஒரு பிற்பகல், ஒரு தெருவில், ஒரு ரயில் நிற்காமல் போனது. மணிரத்னத்தின் திரைக்கதையை ஒருத்தி படித்துப் பார்த்து, இந்த இடம் சரியில்லை என்று அடித்துத் திருத்தியிருக்கிறாள்.

சங்க இலக்கியம் நடத்துகிறவள் என்பதால் எனக்கு இங்கே அம்பலும் அலரும் நினைவுக்கு வரும். களவு ஒழுக்கத்தைப் பற்றி ஊர்ப் பெண்கள் முணுமுணுத்தால் அம்பல், வாய்விட்டுப் பேசினால் அலர். உரைகள் அதைப் பழிச்சொல் என்கின்றன. ஆனால் அகப்பாடல்களில் கதையை நகர்த்துவதே அந்தப் பேச்சுத்தான். அலர் எழுந்ததால்தான் தலைவன் வரைவுக்கு முந்துகிறான், தலைவி உடன்போகிறாள். பெயரில்லாத பெண்டிரின் வாய்ப்பேச்சு இலக்கணத்தில் இடம்பெற்றது, பழி என்ற முத்திரையோடு. சினிமா பற்றிய பெண்பேச்சுக்கும் அதே முத்திரைதான். ஆண்கள் தேநீர்க் கடையில் பேசினால் விமர்சனம், ரசனை, விவாதம். அதையே பெண்கள் குழாயடியில் பேசினால் வம்பு.

காதால் படம் பார்த்த தலைமுறையைப் பற்றி ஒரு தனிப் புத்தகமே எழுதலாம். வானொலியில் ஞாயிற்றுக்கிழமை ஒலிச்சித்திரம் போடுவார்கள். கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் கதை வசனம் முழுக்க ஓடும். இலங்கை வானொலியின் நேயர் விருப்பத்தில்தான் பெண்களின் பெயர் முதன்முதலாகக் காற்றில் ஏறியது. அஞ்சலட்டை வாங்கி, பிடித்த பாட்டை எழுதி, கடல் தாண்டி அனுப்பிவிட்டு, வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். அறிவிப்பாளர் ஊர்ப் பெயரோடு பெயரைச் சொல்வார். வீட்டு வாசலில் நின்று சத்தமாகப் பெயர் சொல்லக் கூடாத பெண்ணின் பெயரை இரண்டு நாடுகள் கேட்டன. சில வீடுகளில் அதற்கு அடியும் விழுந்தது. யாருக்காக அந்தப் பாட்டைக் கேட்டாய் என்பதுதான் முதல் கேள்வி. பாட்டு பிடித்ததால் கேட்டாள் என்று யாருக்கும் தோன்றாது.

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. அது எங்கள் பக்கம் வந்துசேரப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. ஞாயிறு மாலைப் படம், வெள்ளி ‘ஒளியும் ஒலியும்’. தெருவுக்கு ஒரு பெட்டி. யார் கூடத்துக்குள் வந்து தரையில் உட்காரலாம், யார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்க வேண்டும் என்பதைச் சாதி முடிவுசெய்தது. கொட்டகையில் காசு கொடுத்தால் கிடைத்த மணல் தரை இங்கே கிடைக்கவில்லை. பெட்டி சொந்த வீட்டுக்கு வந்தபோது வேறு சிக்கல். படம் ஓடும் நேரமும் இரவுச் சமையல் நேரமும் ஒன்று. என் அம்மாவுக்குப் பல படங்களின் வசனம் தெரியும், முகம் தெரியாது. “இவந்தானா அது?” என்று இப்போது பார்த்து வியப்பாள். டூரிங் டாக்கீஸில் முழுதாகக் கிடைத்த மூன்று மணி நேரத்தை வீட்டுத் தொலைக்காட்சி துண்டு துண்டாக்கிவிட்டது.

1978 தீபாவளியைப் பற்றிச் சொல்லாமல் இந்த வரலாறு முடியாது. அந்தத் தீபாவளிக்குக் கமல்ஹாசன் நடித்து இரண்டு படங்கள் வந்தன. பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’: பெண்களைக் கொன்று தோட்டத்தில் புதைக்கும் ஒருவனின் கதை. சி.ருத்ரய்யாவின் ‘அவள் அப்படித்தான்’: பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் ஒருவன், மஞ்சு என்ற ஒரே ஒரு பெண்ணைப் புரிந்துகொள்ள முடியாமல் போகும் கதை. முதல் படம் பெரிய வெற்றி. இரண்டாவது அன்று ஓடவில்லை, பின்னால்தான் கொண்டாடப்பட்டது. “பெண்களுக்கே பிடிக்கவில்லை” என்று நான் இதைப் பற்றிப் பலமுறை கேட்டிருக்கிறேன். எந்தப் பெண்களிடம் கேட்டார்கள்? தீபாவளிக் கூட்டத்தில், இரவுக் காட்சியில், ரஜினியும் கமலும் இருக்கிற படத்துக்குத் தனியாகப் போய் டிக்கெட் எடுத்திருக்கக்கூடிய பெண் அன்று எத்தனை பேர்? படத்துக்குள்ளேயே இதற்கு ஒரு கசப்பான பதில் இருக்கிறது. கதாநாயகன் ஊர்ப் பெண்களிடம் மைக்கை நீட்டிப் பேட்டி எடுக்கிறான். கடைசியில் வேறொரு சாதுவான பெண்ணைக் கட்டிக்கொண்டு வருகிறான். பெண் விடுதலை பற்றி என்ன நினைக்கிறாய் என்று மஞ்சு அவளிடம் கேட்க, தனக்கு ஒன்றும் தெரியாது என்கிறாள் அவள். அதனால்தான் நீ நிம்மதியாக இருப்பாய் என்பது போல ஏதோ சொல்கிறாள் மஞ்சு. சரிதாவின் அந்த ‘தெரியாது’வை நான் நம்புவதில்லை. புதுப்பெண், காருக்குள், கணவன் பக்கத்தில் இருக்கும்போது வேறென்ன சொல்வாள்?

தொண்ணூறுகளின் கடைசியில் ‘சித்தி’ போன்ற தொடர்கள் வந்ததும் பெண்கள் தியேட்டருக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள் என்று சினிமாக்காரர்கள் புலம்பினார்கள். பாதி உண்மை. அதே பத்தாண்டில் டூரிங் டாக்கீஸ்கள் இருந்த இடம் தெரியாமல் போயின, டிக்கெட் விலை ஏறியது, திரையில் பெண்ணைத் துரத்துவதே காதல் என்றானது. அவள் சீரியலுக்குப் போனாளா, விரட்டப்பட்டாளா என்று கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன். 2006க்குப் பிறகு இலவச வண்ணத் தொலைக்காட்சி வந்தது. 2021இல் பேருந்தும் இலவசமானது. தியேட்டர் வாசல் வரை இப்போது காசில்லாமல் போகலாம்.

2021இல் வந்த ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ மலையாளப் படத்தை என் மாணவிகள் அவரவர் வீட்டில், பெரும்பாலும் கைப்பேசியில் பார்த்தார்கள். அம்மாக்களுக்கும் காட்டச் சொல்லியிருந்தேன். வகுப்பில் வந்து விழுந்த அம்மாக்களின் கருத்துகள் நான் படித்த கட்டுரைகளைவிடச் சுவையானவை. “இதுல படம் எங்க இருக்கு? நம்ம வீடுதான இருக்கு.” “அவ்ளோ நேரமா பாத்திரம் வெளக்குறத காட்டுவாங்க?” ஒரு அம்மா ஒழுகுகிற தொட்டியைப் பார்த்துவிட்டு, “பிளம்பர அவளே கூப்பிட்டிருக்கலாம்ல” என்றாராம். பக்கத்திலிருந்த பாட்டி, “எந்தக் காசுல?” என்று ஒரே கேள்வி கேட்டிருக்கிறார். வீட்டு உழைப்பு, சொத்துரிமை, முடிவெடுக்கும் அதிகாரம் என்று நான் ஒரு பருவம் முழுக்க நடத்துவதை அந்த இரண்டு வாக்கியங்கள் முடித்துவிட்டன. இன்னொரு மாணவியின் அம்மா பாதியில் எழுந்துபோய்விட்டார். அடுப்பில் பால் இருந்ததாம்.

2024இல் பி.எஸ்.வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’யை என் அம்மாவோடு வீட்டில் பார்த்தேன். பேய் பிடித்ததாகச் சொல்லி ஒரு பெண்ணை ஆட்டோவில் வைத்துக் குடும்பமே சாமியாடியிடம் கொண்டுபோகிறது. அவள் ஏறக்குறையப் பேசுவதே இல்லை. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “பேசித்தான் என்ன ஆவப்போவுது, பேசாம இருக்கதே நல்லது” என்றாள். படம் ஒரு முடிவைச் சொல்லாமல் சட்டென்று நிற்கும். “முடிஞ்சிட்டா?” என்றாள். முடிந்துவிட்டது என்றேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்து, “அந்தப் பய வண்டியத் திருப்புவாம்னு நெனைக்கியா?” என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள், “திருப்ப மாட்டான். அவங்க அக்காமாரு விடமாட்டாளுவ” என்று அவளே சொன்னாள். பெண்களைக் கொண்டே பெண்ணை அடக்குவது பற்றிப் படம் எதைச் சொல்லாமல் விட்டதோ, அதைச் சொன்னாள்.

இப்போதெல்லாம் முதல் நாள் முதல் காட்சி முடிந்து வெளியே வருகிறவர்களிடம் யூடியூப் சேனல்காரர்கள் மைக்கை நீட்டுகிறார்கள். மக்கள் கருத்து. 1927இல் நடக்காதது நடந்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அந்தக் காணொளிகளை உட்கார்ந்து பாருங்கள். இளைஞர்களிடம், படம் எப்படி, இடைவேளை எப்படி, பின்னணி இசை எப்படி என்று கேட்கிறார்கள். பெண்ணிடம் கேள்வி வேறு: “குடும்பத்தோட பாக்கலாமா மேடம்?” அவளுக்குப் பிடித்ததா என்பது கேள்வி இல்லை. மற்றவர்கள் வரலாமா என்று அவள் சான்றிதழ் கொடுக்க வேண்டும். சுவரொட்டியில் இருந்த தாய்க்குலம்தான் மைக்குக்கு வந்திருக்கிறது.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் காட்சி முடிந்து வெளியே வந்துகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண், கையில் மஞ்சப்பை. மைக்கோடு நின்ற பையன் அவரை மறித்து அதே கேள்வியைக் கேட்டான். “குடும்பத்தோட பாக்கலாமா அம்மா?”

“எனக்கென்னப்பா தெரியும், நான் தனியாத்தான் வந்தேன்” என்றார். பிறகு, படத்தில் அந்தத் தங்கச்சிப் பிள்ளையை ஏன் பாதியிலேயே விட்டுவிட்டார்கள் என்று ஆரம்பித்தார். பையன் தலையாட்டிக்கொண்டே மைக்கை அடுத்தவரிடம் நகர்த்தினான். நான் அவரோடு பேருந்து நிறுத்தம் வரை நடந்தேன். மீதியைக் கேட்பதற்காக.